ஒரே ராத்திரியில் முளைத்ததாகச் சொல்லப்படும் முடி

இதை எழுத வேண்டும் என்று முதன்முதலில் நினைத்தபோது என் மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது அவள் பையனே காலேஜ் போகிறான். இத்தனை வருஷம் தள்ளிப் போட்டதற்குக் காரணம் பயம்தான். மனுஷர்களிடம் இல்லை, ஏழுமலையானிடம். எழுதினால் அவர் மகிமையை நானே இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். எழுதாமல் இருந்தால், நடக்காத ஒன்றை அவர் பேரில் நாலு பேர் சொல்லிக்கொண்டிருக்க, தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறேனே என்று அதுவும் பயம். பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், மறுபடி மூடி வைத்துவிடுவேன்.

போன மாசம் திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை தாயார் தரிசனம் எனக்குத் தவறாது. ஆட்டோவில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கதை சொன்னார். முன்னே சந்திரகிரிப் பக்கம் ஒரு புதையல் படம் எடுத்தார்களாம். அதில் சாமியாராக நடித்தவர் பாதியிலேயே மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டாராம். கம்பெனிக்காரன் அடிக்க வந்தானாம். மறுநாள் காலையில் பார்த்தால் இடுப்பு வரைக்கும் முடி வளர்ந்திருந்ததாம். ஆட்டோவில் இருந்த எல்லோரும் கோவிந்தா கோவிந்தா என்றார்கள். டிரைவர் கூட ஒரு கையை எடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அந்த முடியை ஒவ்வொன்றாக ஒட்டிய இரண்டு பேரில் ஒருத்தன் நான். அந்த அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இறங்கி வந்துவிட்டேன்.

என் தொழில் சினிமாவில் விக் கட்டுவது. சொந்த ஊர் நகரிப் பக்கம். படிப்பு தெலுங்குப் பள்ளியில் எட்டாவது வரை. தமிழ் எழுத்து பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நகரியில் விசைத்தறியில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடும் வேலை பார்த்தேன். கோடம்பாக்கத்தில் மேக்கப் ஆளாக இருந்த ஒரு உறவுக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, நூலில் போடுகிறதை முடியில் போடேன் என்று கூட்டிக்கொண்டு போய் தேவராஜ் மாஸ்டரிடம் விட்டார். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கொக்கி ஊசி, வலை, முடிச்சு, திட்டு. அவ்வளவுதான்.

மாஸ்டரைப் பற்றித்தான் எழுத வேண்டும். வேலூர்க்காரர். அதிகம் பேச மாட்டார். யார் தலையிலாவது கை வைக்கும் முன் நாற்காலிக்குக் கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரிப்பார். சீவும்போது உதிர்கிற முடி தரையில் விழக் கூடாது. சீவி முடித்ததும் வேட்டியில் விழுந்ததைப் பொறுக்கி, விரலில் சுற்றி, நூல் கட்டி, அந்த நடிகருக்கென்று இருக்கும் துணிப்பையில் போடுவார். பின்னால் அவருக்கே சவுரி வைக்க வேண்டி வந்தால் நிறம் ஒத்துப்போகும் என்பார். நாங்கள் சிரிப்போம். லைட்மேன்கள் அவரை முடி சேட்டு என்றே கூப்பிடுவார்கள்.

இன்னொன்று. ஒரு முடியை எடுத்தால் எது வேர்ப்பக்கம் எது நுனிப்பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். உருட்டினால் முடி ஒரு பக்கமாக நகரும். நகருகிற பக்கம்தான் வேர். வேரும் நுனியும் கலந்து கட்டினால் இரண்டே நாளில் விக் சிக்குப் பிடித்துவிடும். மாஸ்டர் உருட்டும்போது யாராவது பேசினால் கையைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

எங்களுக்கு முடி வருவது மலையிலிருந்துதான். பக்தர்கள் குடுத்த காணிக்கை ஏலத்தில் போய், வியாபாரி கை மாறி, மெட்ராசுக்கு வரும். மாஸ்டர் பெட்டியைத் திறந்தவுடன் முதல் கற்றையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலை ஆரம்பிப்பார். கால் படக் கூடாது, தாண்டக் கூடாது. அது ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்தப் புதையல் படத்தின் முதல் பாகத்துக்கு நாங்கள்தான் வேலை பார்த்தோம். ஒரு ராஜாவின் கோட்டையை எதிரி சுற்றி வளைக்கிறான். மந்திரி பொக்கிஷத்தை எங்கேயோ ஒளித்து வைக்கிறார். அது எங்கே என்பது யாருக்கும் தெரியாத ரகசியம். இந்தக் காலத்தில் நாலு பேர் அதைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். அந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் மலையடியில் இருக்கும் சாமியார். அந்த வேஷம் கங்காதரம் நைனாவுக்கு. எங்கள் பக்கம் நைனா என்றால் அப்பா. வயசானவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் வெதுருகுப்பம் பக்கம், நாடகத்தில் நடித்தவர். இடுப்பு வரைக்கும் வெள்ளை வெளேரென்று சொந்த முடி. அவரை அந்த வேஷத்துக்குச் சொன்னதே மாஸ்டர்தான். இந்தத் தலைக்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சீவி விட்டால் போதும் என்றார்.

முதல் பாகத்தில் பாதிப் புதையல்தான் கிடைக்கும். மீதி எங்கே என்று ஹீரோ கேட்க, சாமியார் தன் தலையைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார். அதோடு படம் முடிந்தது. படம் நன்றாக ஓடியது. அந்தக் காலத்தில் இரண்டாம் பாகம் என்று யாரும் எடுப்பதில்லை, இவர்கள் எடுப்பதாக அறிவித்தார்கள். விட்ட இடத்திலேயே கதை தொடங்குவதால், முடியை வெட்டக் கூடாது என்று நைனாவிடம் கம்பெனியில் வாக்கு வாங்கிக்கொண்டார்கள். அவரும் குடுத்தார்.

இடையில் அவருடைய ஒரே பையன் குவைத்துக்கு வேலைக்குப் போனான். அப்போது எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். போன கொஞ்ச நாளில் அங்கே சண்டை வந்துவிட்டது. பையனிடமிருந்து கடிதம் இல்லை, போன் இல்லை. பேப்பரில் படம் படமாகப் போடுவார்கள், நைனா கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

இரண்டாம் பாகத்துக்கு சந்திரகிரிப் பக்கம் மலையடியில் செட் போட்டோம். முதல் இரண்டு நாள் வேறு சீன்கள். மூன்றாம் நாள் நைனாவின் சீன். இரண்டாம் நாள் அவர் கண்ணிலேயே படவில்லை. சாயந்திரம் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். மொட்டைத் தலை. சந்தனம். கையில் லட்டுப் பை. யாரிடமும் பேசாமல் ஒவ்வொருவர் கையிலும் லட்டை உடைத்து வைத்துக்கொண்டே வந்தார். மாஸ்டரிடம் வந்து நின்றதும்தான் வாய் திறந்தார்.

"மாஸ்டர், புள்ள பம்பாய்ல வந்து எறங்கிட்டான். உசுரோட கீறான்."

திருச்சானூரில் அவர் மச்சினன் வேலை பார்த்த லாட்ஜுக்குக் காலையில் போன் வந்திருக்கிறது. அங்கே தங்கியிருந்த நைனா சேதி கேட்ட கையோடு அலிபிரிக்குப் போய் மலைப்படி ஏறிவிட்டார். பையன் உயிரோடு வந்தான் என்று சேதி கேட்ட அன்றைக்கே முடி இறக்குகிறேன் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

எங்களுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. நான் அவர் காலைத் தொட்டேன். அப்புறம்தான் ஒரு லைட்மேன், "சாமியாரு வந்துகிறாரா, சாமியாரு தம்பி வந்துகிறாரா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அந்தத் தலையையே பார்த்தோம்.

மேனேஜர் ஓடி வந்தார். மெட்ராஸ்காரர், கெட்டவர் இல்லை, அவர் கஷ்டம் அவருக்கு. "என்ன பெரியவரே இது? ரெண்டாம் பாகமே உங்க தலையிலதான் ஆரம்பிக்குது" என்றார். அப்புறம் கோபம் ஏறிவிட்டது. வாக்குத் தவறியவர், வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம், எந்தக் கம்பெனியிலும் இனி இவரைச் சேர்க்காதபடி சொல்லிவிடுகிறேன், ஊருக்குப் போகட்டும் என்றார். அவரை இந்த வேஷத்துக்குச் சொன்ன மாஸ்டருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. திடீரென்று என் பக்கம் திரும்பி, நீ தெலுங்கு பேசுகிறவன்தானே, மேலே போய்க் கேட்டு அந்த முடியை வாங்கிக்கொண்டு வா, இடுப்பு நீளத்துக்கு வெள்ளை முடி எத்தனை பேருக்கு இருக்கும், தனியாகத் தெரியும் என்றார்.

 போ என்றால் போகிற வேலைக்காரன் நான். ஆனால் சாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வாய் எங்கிருந்து வரும்? மாஸ்டர் லட்டைத் துண்டில் முடிந்துகொண்டே, "அவன் போகமாட்டான்" என்றார். அவ்வளவுதான். மேனேஜர் அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை.

நைனா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வாக்கு குடுத்துட்டேன் மாஸ்டர். கம்பெனிக்கு ஒண்ணு, மேல கீறவருக்கு ஒண்ணு. படம் முடிஞ்சப்புறம் எறக்கலாம்னு பாதிப் படி வரைக்கும் யோசன பண்ணிக்கினுதான் போனேன். அவரு புள்ளய குடுக்கும்போது படம் முடியட்டும்னா சொன்னாரு?"

மாஸ்டர் லட்டு முடிந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். எழுந்து டைரக்டரைத் தேடிப் போனார்.

டைரக்டர் வந்து நைனாவின் முன்னால் நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். அவர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாற்காலி போடச் சொல்லி எதிரே உட்கார்ந்து இருட்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தெலுங்கில் "பாகுந்தி" என்றார், நன்றாக இருக்கிறது என்று. சாமியார் தலையைத் தொட்டுக் காட்டியதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே அது வரைக்கும் முடிவாகவில்லையாம். இப்போது முடிவாகிவிட்டது. புதையலுக்கு வழி சாமியாரின் தலைத்தோலில்தான் இருக்கிறது. மந்திரி தன் வேலைக்காரன் தலையில் பச்சை குத்தி, முடி வளர்ந்து மூடும் வரை வைத்திருந்தார். அன்றிலிருந்து தகப்பன் பிள்ளை தலையில் குத்திக் குத்தி அந்த ரகசியம் வருகிறது. சாமியாருக்குப் பிள்ளையில்லை, அதனால் முடியை எடுத்துக் காட்டுகிறார். இதுதான் சீன். முடியோடு ஒரு நிமிஷம் வேண்டும். கேமரா முன்னால் அதை எடுக்க வேண்டும்.

விக் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். விக் என்றால் கழற்றலாம், சிரைக்க முடியாது. கத்தி கீழே போனால் முடியைக் கட்டியிருக்கிற வலை தெரியும். தலையில் நேராக முடியை ஒட்டி, அந்த முடிக்கு அடியில் கத்தியை விட்டு எடுக்க வேண்டும். அது எங்கள் தொழிலிலேயே கஷ்டமான வேலை.

நைனா நடிக்க ஒத்துக்கொண்டார். ஆனால் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, கத்தி வைக்கும்போது யாரும் கோவிந்தா என்று சொல்லக் கூடாது. அது வேஷம், அதற்கு சாமி பேரைக் கூப்பிடக் கூடாது. இரண்டாவதை மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மலை முடி வேணாம் மாஸ்டர். எவனோ எவளோ அழுதுக்கினு வேண்டிக்கினு குடுத்தத எடுத்து இந்தத் தலைல ஒட்டாதீங்க. குடுத்துட்டு வந்த மறுநாளே எடுத்துக்கினா மாதிரி ஆயிடும்."

எனக்கு அந்த இடத்தில்தான் குழப்பம் பிடித்தது, இன்றைக்கும் விடவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் நாங்கள் ராஜாவுக்கும் வில்லனுக்கும் ஆட்டக்காரிக்கும் கட்டியது? படுக்கப் போகும் முன் மாஸ்டரிடம் கேட்டே விட்டேன், நாம் செய்கிறது பாவமா மாஸ்டர் என்று. அவர் பெட்டியை மூடினார். "எனக்கும் தெரியாது. அதனாலதான் கண்ணுல ஒத்திக்கிறேன்" என்றார்.

மலை முடி இல்லையென்றால் வெள்ளை முடிக்கு எங்கே போவது? பின்னந்தலைக்கும் தொங்குகிற நீளத்துக்கும் யாக் எருமை முடி இருந்தது. தாடிக்குக் கட்டுவதற்காகக் கொண்டு வந்தது. ஆனால் நெற்றிக்கு மேலே, கேமரா கிட்டே வரும் இடத்துக்கு மனுஷ முடிதான் வேண்டும். விடியற்காலையில் மாஸ்டர் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். முதல் பாகத்தில் தினமும் நைனாவுக்குச் சீவிவிட்டு வேட்டியிலிருந்து பொறுக்கிய முடி. தாடிக்கு நிறம் ஒத்துப் பார்க்க எடுத்து வந்திருந்தார். நைனா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது நான் வேண்டிக்கிறதுக்கு முன்ன உதிர்ந்தது. இது என்னுதுதான்" என்றார்.

ஆனால் உதிர்ந்த முடி எப்படி இருக்கும்? வேரும் நுனியும் கலந்து கிடக்கும். நானும் மாஸ்டரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருட்டினோம். நகருகிற பக்கம் பார்த்து அடுக்கினோம். பேச்சு இல்லை. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார், மாஸ்டர் கையைக் கீழே வைத்தார், மேனேஜர் போய்விட்டார்.

ஆர்ட் டிபார்ட்மெண்டிலிருந்து பெயிண்டர் வந்து நைனாவின் தலையில் பச்சை மையால் மலையும் சுனையும் கோடும் வரைந்தார். அது காய்ந்த பிறகு மாஸ்டரும் நானும் ஒட்ட ஆரம்பித்தோம். கூரை வேய்கிற மாதிரி கீழேயிருந்து மேலே வரிசை வரிசையாக. ஸ்பிரிட் கம் என்கிற பசை புதிதாகச் சிரைத்த தோலில் பட்டால் நெருப்பு மாதிரி எரியும். நைனா பல்லைக் கடிக்கவில்லை, முனகவில்லை. எரிகிறதா என்று கேட்டேன். "புள்ள வந்துட்டான் இல்ல" என்று மட்டும் சொன்னார். உச்சிக்கு வந்தபோது அந்தப் பையிலிருந்த முடி போதுமா போதாதா என்று எண்ணி எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. மிச்சம் ஒன்றுமில்லை. அதனால் ஷாட்டும் ஒரே தடவைதான். தப்பினால் வேறு ஆள்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

வேடிக்கை பார்க்க வந்த ஜனம் முந்தின நாள் சாயந்திரம் அவர் மொட்டையோடு பஸ்ஸில் இறங்கியதைப் பார்த்தவர்கள். இப்போது இடுப்பு வரை முடியோடு அவர் கூடாரத்திலிருந்து வெளியே வந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒரு கிழவி கீழே விழுந்து கும்பிட்டாள். நைனா பதறிப்போய் "அம்மா, ஒட்டினது" என்றார். அவள் காதில் அது ஏறவில்லை. ஆட்டோவில் நான் கேட்ட கதை அந்த நிமிஷத்தில் பிறந்ததுதான் என்று நினைக்கிறேன்.

சிரைப்பதற்குத் திருப்பதியிலிருந்து நிஜ நாவிதர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். கோவிந்தா சொல்லக் கூடாது என்று அவரிடமும் சொல்லியிருந்தது. ஆனால் பழக்கம் பழக்கம்தானே. கத்தியை நெற்றியில் வைத்ததும் அவர் வாய் தானாகத் திறந்தது. நைனா சாமியார் மாதிரியே மெதுவாக ஒரு கையைத் தூக்கினார். நாவிதர் வாய் மூடிக்கொண்டது. கத்தி நகர்ந்தது. முடி கற்றையாக மடியில் விழுந்தது, அடியில் பச்சைக் கோடு தெரிந்தது.  டைரக்டர் ஓகே சொன்னார். அவர் கையைத் தூக்கியது படத்தில் அப்படியே இருக்கிறது, ஆசீர்வாதம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நைனாவின் மடியிலும் கீழே விரித்த வேட்டியிலும் விழுந்ததை மாஸ்டர் பொறுக்கி அதே பையில் போட்டார். மேனேஜர் வந்து நைனாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

படம் ரிலீஸ் ஆனபோது நைனா என்னைத் திருப்பதியில் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பையன் மறுபடி வேலை தேடி பம்பாய்க்குப் போயிருந்தான். தியேட்டர் நிறைய ஜனம், பாதிப் பேர் தரிசனம் முடித்து வந்தவர்கள், எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலை. சாமியார் சீன் வந்தது. கத்தியை நெற்றியில் வைத்தார்கள். திரையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தியேட்டரே "கோவிந்தா" என்றது. முன்னால், பின்னால், பால்கனியில். சினிமா என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் சொன்னார்கள்.

நைனா எழுந்து நின்றுவிட்டார். கையைக் கூப்பியபடி நின்றார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லி அதட்டினார்கள், அவர்தான் திரையில் இருப்பவர் என்று அவர்களுக்குத் தெரியாது. வெளியே வந்து டீக்கடையில் நின்றபோதுதான் என்னிடம் கேட்டார்.

"ஏகாம்பரம், நான் குடுத்தது இப்ப ஒரு தடவயா, ரெண்டு தடவயா?"

ஜனமே கோவிந்தா சொல்லிவிட்டதால் வேஷத்துக்கு எடுத்ததும் காணிக்கை ஆகிவிட்டதா என்று கேட்கிறார். இரண்டு தடவை என்றால் அந்த முடி சாமிக்குச் சேர வேண்டியது. மாஸ்டரிடம் போய்ப் பையைக் கேட்டார். மாஸ்டர் பிரித்துக் காட்டினார். கம், பச்சை மை, எருமை முடி எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டி. இதை எப்படி மேலே கொண்டு போவது, குப்பையில்தான் எப்படிப் போடுவது? இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பை மறுபடி பெட்டிக்குப் போனது.

நைனாவும் இல்லை, மாஸ்டரும் இல்லை. இப்போது விக் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து தலை அளவு சொன்னால் வந்துவிடுகிறது. தரிசனத்துக்கு வரும் மேக்கப் பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்து, அந்த முடி நிஜமாகவே வளர்ந்ததா தாத்தா என்று கேட்கிறார்கள். மாஸ்டரின் பெட்டியோடு வந்த அந்தப் பை என்னிடம் இருக்கிறது. சாமி அறையில் வைத்தேன், மனசு கேட்கவில்லை. பரணில் வைத்தேன், அதுவும் கேட்கவில்லை. இப்போது இரண்டுக்கும் நடுவில், கூடத்து அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்த ஒரு அர்ச்சகரிடம் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். முடி நாங்கள் ஒட்டியது. தோல் எரிந்தது. யாரும் சொல்லாமலே ஜனம் கோவிந்தா சொன்னது. சண்டை நடந்த ஊரிலிருந்து பையன் உயிரோடு வந்தான், அதை நான் லட்டோடு கையில் வாங்கினேன். அது போதாது என்று யாருக்காவது தோன்றினால் தோன்றட்டும். ஆனால் என் பேரைச் சொல்லிச் சொல்லும்போது, அந்தத் தலையில் ஒரு முடி கூடச் சேர்க்க வேண்டாம்.